வீதியில் கொட்டப்பட்ட இருபத்துநான்கு நாற்றுகள்

எழுபத்திரண்டு நாற்றுகள். இந்தக் கணக்கில் யாரும் என்னோடு தர்க்கம் பண்ண வேண்டாம். மூன்று தட்டு, தட்டுக்கு இருபத்துநான்கு. அதில் ஒரு தட்டைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் தலைகீழாகக் கவிழ்த்து வீதியில் கொட்டினான். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோபத்தை மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது. விதையிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் முப்பத்தொரு வருடம் அளவை நிறுவைப் பரிசோதகராக உத்தியோகம் பார்த்தவன். இந்த மாவட்டத்தில் எந்தச் சந்தையில் எந்தத் தராசு எந்தப் பக்கம் சரியும் என்று எனக்குத் தெரியும். ஆகவே எண்ணுவது என் தொழில். வீட்டில் அதை வருத்தம், ஒரு நோய் என்பார்கள்.

உத்தியோக காலத்தில் ஒருமுறை மலைநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது, விடுதி முற்றத்தில் ஒரு செடி பார்த்தேன். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, விரித்த விசிறிபோல் நின்றன. நடுவிலிருந்து ஒரு தண்டு. அதன் நுனியில் செம்மஞ்சள் நிறத்தில் ஆறு இதழ்ப் பூ, இதழெல்லாம் சிவப்புப் புள்ளி. ஐரிஸ் குடும்பத்தில் ஒன்று என்றும், அந்தக் குடும்பத்தில் நம்முடைய வெக்கைக்குத் தாங்குவது இதுதான் என்றும் விடுதிப் பொறுப்பாளர் சொன்னார். பூ காலையில் விரியும். பின்னேரம் பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொள்ளும். மறுநாள் வேறொன்று விரியும். காய் காய்ந்து மூன்றாகப் பிளந்தால் உள்ளே விதைகள், மிளகை எண்ணெயில் புரட்டி ஒட்டவைத்ததுபோல் மினுங்கும். ஒரு காயைக் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் அதற்கு விசிறிச்செடி என்று பெயர் வந்தது.

வீடு என்றால் என் வீடு அல்ல. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவன் மனைவியின் வளவுக்குப் போக வேண்டும். நானும் போனேன். கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் அந்த மணல் துண்டில் மனைவிக்கு ஒரு வளவு. வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய தங்கைக்கு ஒரு வளவு. தங்கையின் கணவர் இளவயதிலேயே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அவள் தனியாக இருந்தாள் என்று சொல்வது பொய், ஏனென்றால் பகல் முழுவதும் எங்கள் குசினி அடுப்படியில்தான் இருந்தாள்.

விதையிலிருந்து விசிறிச்செடி எடுப்பது அவசரக்காரர்களுக்குரிய வேலை அல்ல. இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வைத்து, மணலும் எருத்தூளும் கலந்த மண்ணில் அரை விரல் ஆழத்தில் போட வேண்டும். சில இருபது நாளில் முளைக்கும். சில இரண்டு மாதம் படுத்துக் கிடக்கும். முளைத்தாலும் முதல் மாதத்தில் பார்த்தால் வெறும் புல். நாலு இலை விசிறியானதும் பின்னேரம் பார்த்துப் பிடுங்கி, இலை நுனியைப் பாதிக்கு நறுக்கி, கழுத்து மண்ணுக்குள் புதையாமல், சாணுக்கு ஒன்றாக நட்டு, நாலு நாள் தென்னோலைக் கிடுகால் மறைக்க வேண்டும். நான் அப்படி முப்பத்தொன்று நட்டேன். நோஞ்சானாக நின்ற ஒன்றை வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

அடுத்த வருடம் ஒரு காலை வேலிக்கு மேலால் மச்சினியின் தலை தெரிந்தது.

"அத்தான், வாங்க. நீங்க எறிஞ்ச கழிவு பூத்திருக்கு. வந்து எண்ணுங்க."

போனேன். என்னுடைய முப்பத்தொன்றும் செம்மஞ்சள். அவளுடைய ஒன்று சுத்த மஞ்சள். ஒரு புள்ளியும் இல்லை. முட்டைக் கருவின் நிறம்.

"இது பிசகு," என்றேன். "ஒரு வருசத்துக்குப் பூக்கும். இந்த நிறம் நிலைக்காது."

"பிசகோ? உங்கட முப்பத்தொண்டும் ஒரே மூஞ்சியா நிக்கிது, பட்டாளத்துக்கு ஆள் எடுத்த மாதிரி. இது ஒண்டுதான் மனிசர் மாதிரிக் கிடக்கு."

மனைவி சிரித்தாள். எனக்குக் கோபம். இந்த வழக்கு மூன்று வருடம் நடந்தது. காலையில் தேங்காய் துருவும்போதும் நடக்கும், பின்னேரம் முற்றம் கூட்டும்போதும் நடக்கும். கடைசியில் 2004 மார்கழியில் ஒருநாள் அவள் தன் மஞ்சள் செடியின் காய்ந்த காய்கள் மூன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க அத்தான். போட்டுப் பாருங்க. மஞ்சள் வந்தா, இனி என்ர பூவப் பிசகு எண்டு சொல்லப்படாது."

எண்ணினேன். நாற்பத்தொரு விதை. சேவையிலிருந்து கழிக்கப்பட்ட நிறைப்படிகளுக்கான மரப்பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. படிகள் இல்லை, அவை இருந்த குழிகள் மட்டும். இருபது கிராம் குழிக்குள் விதைகளைப் போட்டு மூடினேன்.

அந்த வாரம் பேத்தியின் முதல் பிறந்தநாள். மகன் கலியாணம் முடித்துக் கிரானில் தன் மனைவியின் வளவில் இருந்தான். சனிக்கிழமை நாங்கள் புறப்பட்டோம். கிரான் மண்ணில் விதையைப் போட்டுப் பார்க்கலாம் என்று மரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். மச்சினியும் சீலை மாற்றி, பை கட்டி நின்றாள். ஐந்து நாளாக மழை இல்லை என்று நான் எண்ணி வைத்திருந்தேன். மணல் நிலம். முப்பத்தொரு செடியும் மொட்டோடு நிற்கின்றன. யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றேன். அவள் பையை அவிழ்த்தாள்.

"போங்க, போங்க. உங்கட பட்டாளத்துக்கு நான் தண்ணி காட்டுறன். வரக்குள்ள கேக் கொண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை கடல் எழும்பி வந்து வாவியைத் தொட்டது. மச்சினியை மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் எடுத்தார்கள். இரண்டு வளவிலும் மிஞ்சியது ஒரு கிணற்றுக் கட்டு. அதற்குள்ளும் உப்புத் தண்ணீர். அவளுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. எல்லாம் அந்த வீடுகளில் இருந்தவை. அவள் கை பட்டது என்று உலகத்தில் இருந்தது என் பெட்டிக்குள் கிடந்த நாற்பத்தொரு விதை மட்டும்.

மனைவி அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டாள்: "அந்த விதை மஞ்சள் பூக்குமோ?" நான் மூன்று வருடம் பூக்காது என்று வாதாடியவன். "பூக்கும்," என்றேன்.

நான் தண்ணீர் ஊற்றச் சொன்னதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மருமகளின் வளவில் நெடுநாள் இருக்க மனைவி ஒப்பவில்லை. வாவிக்கரையில் அடித்துக் கொடுத்த தகரக் கொட்டிலுக்கு வந்தோம். மத்தியானத்தில் அதற்குள் இருந்தால் மனிதன் அவிந்துவிடுவான். தகரத்தால் வீடு செய்யச் சொன்னவன் ஒருநாளாவது அதில் படுத்திருப்பானா? ஒருநாள் ஒரு உத்தியோகத்தர் இழப்புப் படிவத்தோடு வந்தார். நான் மணிமணியாகச் சொல்லிக்கொண்டு போனேன்: கட்டில் இரண்டு, அலுமாரி ஒன்று, விசிறிச்செடி செம்மஞ்சள் முப்பத்தொன்று, மஞ்சள் ஒன்று. அவர் பேனையை நிறுத்தினார்.

"ஐயா, இதில பூவுக்குப் பெட்டி இல்ல. சட்டி, பானை, வலை, தோணி எண்டுதான் கிடக்கு."

"அப்ப பெட்டி ஒண்டு கீறுங்க."

அவர் கீறவில்லை. முப்பத்தொரு வருடம் படிவம் நிரப்பியவன் நான். உலகத்தில் உள்ளது எல்லாவற்றுக்கும் இடம் வைக்காத படிவம் படிவமே அல்ல.

மீன் அடைத்து வந்த தகர ரின்களுக்கு ஆணியால் அடியில் துளையிட்டு விதைகளைப் போட்டேன். பத்தொன்பதாம் நாள் முதல் முளை. இரண்டரை மாதத்தில் இருபத்தேழு. மனைவி காலையில் எழும்பியதும் முகம் கழுவ முன்னம் ரின்களைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே நான் அவற்றைக் காவல் காத்தேன். நாலாவது இலை வந்ததும் கொட்டிலின் பின்பக்கம் மணலை மேடாக்கி நட்டேன்.

நட்டு எட்டாம் நாள் மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பி வரும்போது கொட்டில்களுக்கு நடுவே வெள்ளை பெனியன் போட்ட பதினான்கு பேர் நின்றார்கள். சிரமதானமாம், கூலி வாங்காத ஊர்த் துப்புரவு. கொழும்பிலிருந்து வந்தவர்கள். கையுறை போட்ட ஒரு பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்கிள், உங்க வீட்டுக்குப் பின்னால புல்லு எல்லாம் கிளீன் பண்ணிட்டோம்!"

"எத்தன புல்லு?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினாறு நின்றது. பதினொன்றை வேரோடு பிடுங்கி, மற்ற குப்பையோடு போட்டுக் கொளுத்திவிட்டார்கள். சாணுக்கு ஒன்றாக, நூல் பிடித்து, நேர் வரிசையில் நிற்கும் புல்லை இவர்கள் எந்த ஊரில் கண்டார்கள்? புல் வரிசையில் நிற்குமா? இதையெல்லாம் அவளிடம் சத்தம் போட்டுக் கேட்டேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். மனைவி வந்து அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அந்தக் கோபமும் எனக்கு இன்னும் இருக்கிறது.

பதினாறும் அடுத்த வருடம் மொட்டு வைத்தன. முதல் பூ விரிந்த காலையில் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள். செம்மஞ்சள், சிவப்புப் புள்ளி. ஒரு மாதத்துக்குள் பதினாறும் பூத்தன. பதினாறும் செம்மஞ்சள்.

"இது உங்கட பூ," என்றாள். "அவள்ட இல்ல." உள்ளே போய்விட்டாள்.

வழக்கில் நான் வென்றுவிட்டேன். இவ்வளவு கேவலமான வெற்றி என் ஆயுளில் வேறு இல்லை.

பிறகு எனக்குத் தெரிந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் கத்தரி, மிளகாய் என்று திரிபவர். ஆனாலும் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, அந்த ஒரு மஞ்சளச் சுத்தி முப்பத்தொண்டு மற்றது நிண்டதெல்லோ? தேனீ அங்கயும் இஞ்சயும் போயிருக்கும். விதைக்குள்ள மஞ்சள் ஒளிச்சுக் கிடக்கு. பொறுங்க. பிள்ளையில மறையிறது பேரப்பிள்ளையில வரும். நாலுக்கு ஒண்டு."

நாலுக்கு ஒன்று. இது எனக்கு விளங்கும் மொழி. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பினாளோ தெரியாது. ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்தச் செம்மஞ்சள் பூக்களுக்குப் பின்னேரங்களில் அவளும் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

காய் பழுக்கும் காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஷெல் விழத் தொடங்கியது. கிரானிலிருந்து மகனின் குடும்பம் பாயும் பானையுமாக வந்து சேர்ந்தது. இருவருக்கென்று அடித்த கொட்டிலில் ஐந்துபேர். கூரை அதிரும் ஒவ்வொரு முறையும் பேத்தி காதைப் பொத்துவாள். நான் வெளியே போய்க் காய்களை எண்ணுவேன். யார் யாரை அடிக்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் வானொலியில் கணக்குச் சொன்னார்கள். அளவை நிறுவையில் இருந்தவன் சொல்கிறேன், அந்த இரண்டு தராசும் பொய்த் தராசு. என் கணக்கு மட்டும் சரியாக இருந்தது: நூற்றிருபத்தெட்டு விதை.

ஒருவழியாக 2008 தொடக்கத்தில் கல்வீடு தருகிறோம் என்றார்கள். கடலோரம் இனிக் கட்டக் கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வயலை மண் போட்டு நிரப்பி வீடுகள். காணி உறுதிப் பத்திரத்தை வாசித்தபோது மனைவியின் பெயர் இல்லை. என் பெயர்.

"குடும்பத் தலைவர்ட பேரில தான் எழுதுவம்," என்றான் மேசைக்குப் பின்னால் இருந்தவன்.

"வளவு பொம்புளைக்குத்தான் தம்பி. எங்கட ஊரில எந்த ஆம்புளைக்கு வளவு கண்டனீர்?" என்றேன்.

"மேலிடத்துச் சுற்றுநிருபம் அப்பிடி ஐயா."

வெளியே வந்ததும் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பறவாயில்ல. எழுபது வயசில மாப்பிள்ளைக்குச் சீதனம் வந்திருக்கு. மறுகா என்னையும் உங்கட வளவுக்குள்ள விடுவீங்களோ?"

பல காலத்துக்குப் பிறகு அவள் பகிடி விட்ட நாள் அது. அதனால் அந்த உத்தியோகத்தனை மன்னிக்கலாம் என்று பார்த்தேன். மன்னிக்க முடியவில்லை.

நூற்றிருபத்தெட்டு விதையில் எழுபத்திரண்டு முளைத்திருந்தன. அவற்றைப் புது வீட்டுக்குக் கொண்டுபோக, பழைய மீன்பெட்டிப் பலகையில் மூன்று தட்டு செய்தேன். தட்டுக்கு இருபத்துநான்கு. சைக்கிளின் பின்னால் அடுக்கிக் கட்டி, உருட்டிக்கொண்டு நடந்தேன். மனைவி வீட்டுச் சாமானோடு லொறியில் முன்னால் போயிருந்தாள்.

பாலத்தடியில் சோதனைச் சாவடி. அது ஒருவருடைய வீட்டு முற்றம். மணல் மூட்டையும் முள்ளுக்கம்பியும் போட்டு அவர்களுடையது ஆக்கிக்கொண்டார்கள். ஒரு சிப்பாய் தட்டுகளைக் காட்டி என்ன என்று கேட்டான். நான் அரச சேவைக்காகச் சிங்களம் படித்துப் பரீட்சையில் சித்தியடைந்தவன். அலுவலகக் கடிதத்தில் எழுதுவதுபோல் சுத்தமாகச் சொன்னேன்: இவை பூ நாற்றுகள், இவற்றை இடம் மாற்றி நடும் நோக்கில் கொண்டு செல்கிறேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அப்படிச் சிங்களம் பேசுகிறவனை அவன் கண்டிருக்க மாட்டான் போலும், சந்தேகம் கூடிவிட்டது.

ஒரு கம்பியை எடுத்து முதல் தட்டு மண்ணுக்குள் குத்தினான். நாற்றுகளுக்கு நடுவே, குத்திக் குத்தி. இரண்டாவது தட்டையும் குத்தினான். மூன்றாவதில் கம்பி எதிலோ முட்டியது. தட்டைத் தூக்கினான், கவிழ்த்தான்.

இருபத்துநான்கும் தாரில் கிடந்தன. வேர் வெள்ளையாகத் தெரிந்தது. மண்ணுக்குள் இருந்தது கல்தான். அவன் கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போ என்று கை காட்டினான். நான் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. பஸ்ஸுக்குப் பின்னால் லொறி.

"பெரியவர், உயிரோட போறதப் பாருங்க!" என்று பஸ் மிதிபலகையிலிருந்து ஒருவன் கத்தினான். சிப்பாய் துவக்குக் குழலைச் சற்றே அசைத்தான். நான் கையில் ஒன்றும் இல்லாமல் நிமிர்ந்தேன்.

எழுபத்திரண்டில் இருபத்துநான்கு போக நாற்பத்தெட்டு. நாலுக்கு ஒன்று என்றால் ஆறு மஞ்சள் பூ அந்த வீதியில் கிடந்தது. மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு கொண்டுவந்தேன் என்று மட்டும் சொன்னேன். பொய் அல்ல. ஆனால் என் வாழ்க்கையில் நான் குறைத்துச் சொன்ன முதல் தொகை அதுதான்.

நாற்பத்தெட்டையும் நட்டேன். என் பெயருக்கு எழுதிய மண். என் ஆயுளில் முதல் மண். என்ன மண்! வயலை நிரப்பியவர்கள் வடிகால் என்று ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிட்டார்கள். கார்த்திகை மழைக்கு முற்றத்தில் கணுக்கால் தண்ணீர், பதினேழு நாள் நின்றது. விசிறிச்செடி வெயிலைத் தாங்கும், பசியைத் தாங்கும்; காலடியில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. கிழங்கு அழுகி, இலையைத் தொட்டால் கையோடு வந்தது. ஒன்பது மிஞ்சின. வயலில் நெல்லை விதைக்க வேண்டும். வீட்டை நட்டால் இப்படித்தான்.

அடுத்த வருடம் போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. பட்டாசு வெடித்தார்கள். சந்தியில் பஸ்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் ஒழுங்காக எண்ணாமல் பாற்சோறு மட்டும் எப்படிக் கிண்ட முடிந்தது என்று பஸ்ஸுக்குள் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் கிள்ளினார்.

என் ஒன்பதும் பூக்கத் தொடங்கின. மனைவி ஒவ்வொரு மொட்டையும் விரலால் தடவிப் பார்ப்பாள். ஒன்பதும் செம்மஞ்சள். ஒன்பதாவது விரிந்த அன்று அவள் பார்க்க வரவில்லை. குசினிக்குள்ளிருந்து, "எனக்குத் தெரியும்," என்றாள்.

அதற்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு பென்சன் அலுவலாக டவுனுக்குப் போனேன். பஸ் பாலத்தடியில் மெதுவாக ஊர்ந்தது. வழக்கம்போல் நான் மறுபக்கம் முகத்தைத் திருப்பியிருந்தேன். முன்னால் இருந்த பெண் யாருக்கோ, "அங்க பாரு கா, என்ன வடிவான பூ," என்றாள். திரும்பினேன்.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால், வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய கற்களை வட்டமாக வைத்து ஒரு பாத்தி. உயரமான மணல் பாத்தி. சொட்டுத் தண்ணீர் தங்காது. அதற்குள் விசிறிச்செடிகள். செம்மஞ்சளுக்கு நடுவில் மஞ்சள். பஸ் நகர்வதற்குள் எண்ணிவிட்டேன். இருபத்தொரு செடி. மஞ்சள் ஐந்து.

அன்று பென்சன் அலுவலகத்துக்குப் போகவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, ஒரு கடையில் உட்கார்ந்து மனு எழுதினேன், சிங்களத்தில், மூன்று பத்தி. இன்ன திகதியில் இன்ன இடத்தில் என்னிடமிருந்து கொட்டப்பட்ட இருபத்துநான்கு நாற்றுகளில் உயிருடன் உள்ள இருபத்தொன்றும் எனது உடைமை என்றும், அவற்றை உடனே கையளிக்க வேண்டும் என்றும். கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று கொட்டியவன் அல்ல, வேறொருவன். கொஞ்சம் வயது கூடியவன். வாசித்தான். மறுபடி வாசித்தான். உள்ளே இருந்தவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். சிரித்தார்கள்.

"சீயா," என்றான், கிழவனாருக்கு அவர்கள் சொல்லும் சொல். பிறகு உடைந்த தமிழில்: "பூ பாக்கலாம். எடுக்க ஏலா. முகாம் சாமான். எங்க பெரியவர் கேப்பார்."

முகாம் சாமான்! நான் எண்ணி ஊறப்போட்டு, எண்ணி முளைக்கவைத்து, எண்ணிக் கட்டிக்கொண்டு போனது. மனுவை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆறு கிலோமீற்றர். அன்று எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். கொட்டியது, பொறுக்காமல் வந்தது, குறைத்துச் சொன்னது, எல்லாம். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சுத்த மஞ்சளோ?"

"சுத்த மஞ்சள். புள்ளி இல்ல."

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் போனோம். நான் வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், என்ன கேட்க வேண்டும், எந்த உரிமையில் கேட்க வேண்டும் என்று. அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. இறங்கினாள். நேரே முள்ளுக்கம்பி இடைவெளியால் போனாள். "அம்மே, அம்மே," என்று அந்த வயது கூடியவன் கையை நீட்டினான். அவள் அதற்குள் பாத்தியடியில் குந்திவிட்டாள்.

மஞ்சள் பூ அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கா, பட்டாளத்துக்குள்ளயே வந்து குந்திட்டாய்?" என்றாள் பூவிடம்.

சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் சொல்லமாட்டேன் என்று நின்றேன். என் மனுவில் எல்லாம் இருக்கிறது. அவளே சொன்னாள், தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சிங்களச் சொல்லில். நங்கி, என்றாள். தங்கை. பூவைக் காட்டினாள். பிறகு கையை நீட்டிக் கடல் பக்கம் காட்டினாள்.

அவனும் கடல் பக்கம் திரும்பினான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "அப்பே தாத்தா. காலி," என்றான். தாத்தா என்றால் அவர்களுக்குத் தகப்பன். காலி தெற்குக் கடற்கரை. உள்ளே போய்க் கல் பெயர்க்கும் இரும்பு அலவாங்கு ஒன்றோடு வந்தான்.

அவன் தோண்டிய விதத்தை நான் இங்கே எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. விசிறிச்செடியை அலவாங்கால் தோண்டுவார்களா? பூத்து நிற்கும்போது தோண்டுவார்களா? கிழங்கின் ஒரு பக்கத்தை வெட்டிவிட்டான். "அங்கால, அங்கால!" என்று நான் கத்தினேன், சிங்களத்தை மறந்து. அவனும் "ஹரி, சீயா, ஹரி," என்று சொல்லிக்கொண்டே இன்னும் வெட்டினான். ஒரு மஞ்சள் செடி, வேரில் மண்ணோடு, சீமெந்துப் பையில் சுற்றி மனைவியிடம் கொடுத்தான். நான் நன்றி சொல்லவில்லை. மிச்சம் நாலு மஞ்சளும் பதினாறு செம்மஞ்சளும் இன்றுவரை என்னுடையவை. மனைவி நன்றி சொன்னாள். தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றுகிறீர்கள் என்றும் கையால் காட்டிச் சொன்னாள்.

வீட்டில் உடைந்த செங்கற்களை அடுக்கி, ஆற்றுமணல் போட்டு, முழங்கால் உயரத்தில் மேடு கட்டினேன். இலையை நறுக்கினேன். வெட்டுப்பட்ட கிழங்கில் சாம்பல் பூசினேன். அவள் தன் கையால் நட்டாள். கிடுகு வைத்தோம். அவள் கை கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"இனி இதுக்குத் தண்ணி ஊத்த எண்டு ஒருத்தரையும் வீட்டில நிப்பாட்டாதீங்க."

நாலரை வருடம். அவள் அதை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நான் கிடுகை நேராக்கி வைத்தேன்.

அடுத்த மாதம் சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்கு, கிரானுக்குத் திரும்பிவிட்டிருந்த மகன் கூப்பிட்டான். வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் போனோம். வீட்டில் யாரையும் விடவில்லை. மூன்று நாள். நல்ல வெயில், காற்றிலும் அனல். கோயில் வீதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செடிதான். திரும்பி வந்து வேலிப் படலையைத் திறந்ததும் முற்றத்துக்கு ஓடினேன். மனைவி ஆற அமரப் பின்னால் வந்தாள்.

செடி நின்றது. புதிதாக ஓர் இலை விட்டிருந்தது. நான் குந்தி மணலை விரலால் தோண்டினேன். மேலே சுடுமணல். ஒரு சாண் கீழே ஈரம்.

மூன்று நாள் கோடை வெயிலில் தண்ணீர் இல்லாமல் அது நின்றது. கிழங்குச் செடி, நிற்கும். மச்சினி பையை அவிழ்த்த அன்றைக்கு மார்கழி மாதம், மாரி காலம். ஐந்து நாள் மழை இல்லை என்று எண்ணத் தெரிந்த நான், அந்த மணலில் ஒரு சாண் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும்.